கவ்வாத்து முடிந்த டெப்

குழு: தலவாக்கலை வீடு

அண்ணி | மாலை 6.48
தம்பி, இந்த டெப்புக்கு ஒரு வழி சொல்லுங்கள். திறந்தாலே தேர்த் திருவிழாக் கூட்டம். மூன்று பக்கம் நிறைய ஆப். மகள் விஞ்ஞானப் பாடம் பார்க்கத்தான் எடுக்கிறாள், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் யூடியூபில் யாரோ பிரியாணி கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமி துபாய்க்குப் பேசப் போய் மிட்டாய் உடைக்கிற விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்.

அம்மா டெப் | 6.51
சித்தப்பா, இது நான்தான், அப்பாயி இல்லை. அவருடைய டெப்பில் இருந்து எழுதுகிறேன். அம்மா நேற்று "சுத்தம் செய்கிறேன்" என்று என் நோட்ஸ் ஆப்பையும் அழித்துவிட்டார். இரண்டு மாதக் குறிப்பு போய்விட்டது. அதையும் கேளுங்கள்.

அண்ணி | 6.52
முகப்பில் இருந்து எடுக்கத்தான் நினைத்தேன். ஐகானை அழுத்திப் பிடித்தால் அன்இன்ஸ்டால் என்றுதான் வந்தது. வேறு வழியே காட்டவில்லை.

நான் | 7.05
பஸ்ஸில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். மகளே, திரையைக் கீழிருந்து மேலே தள்ளிப் பார். எல்லா ஆப்பும் இருக்கிற தனிப் பட்டியல் வருகிறதா?

அம்மா டெப் | 7.07
இல்லை. ஒன்றும் வரவில்லை.

நான் | 7.10
அதுதான் காரணம். சாம்சங் டெப்பில் இரண்டு அமைப்பு இருக்கிறது. ஒன்றில் முகப்பு மட்டும்தான், எல்லா ஆப்பும் அதிலேயே கிடக்கும். அதில் ஐகானை மட்டும் எடுக்க முடியாது, எடுத்தால் ஆப்பே போகும். அதற்குள் சேமித்ததும் கூடவே போகும். அண்ணி மேல் தப்பில்லை.
செட்டிங்ஸ், ஹோம் ஸ்கிரீன், ஹோம் ஸ்கிரீன் லேஅவுட். அங்கே "ஹோம் அண்ட் ஆப்ஸ் ஸ்கிரீன்ஸ்" என்பதைத் தேர்வு செய். முகப்பு கலைந்து வேறு மாதிரி வரும், பயப்படாதே.

பெரியண்ணன் பதுளை | 7.14
எனக்கு விளங்கும்படி சொல்கிறேன் பார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் மேலே மொட்டை, தூர் அப்படியே இருக்கும். அண்ணி செடியையே பிடுங்கிவிட்டார். அப்படித்தானே?

நான் | 7.15
அப்படியேதான் அண்ணா. இனி அழுத்திப் பிடித்தால் ரிமூவ் என்றும் வரும். அதுதான் கவ்வாத்து. அன்இன்ஸ்டால்தான் பிடுங்குவது.

அண்ணி | 7.16
உங்கள் அண்ணனுக்கு ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தோட்டம் விட்டுப் போகவில்லை 😄

அம்மா டெப் | 7.31
வந்துவிட்டது! ரிமூவ் செய்துகொண்டே போகிறேன். எத்தனையை விடலாம்?

நான் | 7.33
கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் எடு. அப்புறம் எதைத் தேடுகிறாயோ அதை மட்டும் மேலே கொண்டுவா. எது வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும்.
குரோமில் ஈ-தக்சலாவ பாடத் தளத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு "ஆட் டு ஹோம் ஸ்கிரீன்" கொடு. ஆப் மாதிரி ஐகான் வந்துவிடும். பாடநூல் பிடிஎஃப் எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டுவை. மழை நாளில் உங்கள் பக்கம் சிக்னல் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

அக்கா துபாய் | 7.40
இங்கே இப்போதுதான் வேலை முடிந்தது. என்னையும் முகப்பில் போடுங்கள்டா. அம்மா நேற்று மூன்று முறை கூப்பிட்டு மூன்று முறையும் வெட்டிவிட்டார்.

நான் | 7.44
போடலாம். மகளே, வாட்ஸ்அப்பில் அத்தையின் சாட்டைத் திற, மூன்று புள்ளி, மோர், "ஆட் ஷார்ட்கட்". அத்தையின் படமே ஐகானாக வந்து உட்காரும். அதை முதல் பக்கத்தில் வை, அந்தப் பக்கத்தில் வேறொன்றும் வேண்டாம். உன்னுடையது எல்லாம் இரண்டாம் பக்கம்.

அம்மா டெப் | 7.52
அத்தை வந்துவிட்டார். ஆனால் கீழே பட்டையில் அந்த மிட்டாய் விளையாட்டு இன்னும் நிற்கிறதே?

நான் | 7.54
அது டாஸ்க்பார். கடைசியாகத் திறந்ததைக் காட்டிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, டாஸ்க்பார் போய் "ரீசன்ட் ஆப்ஸ்" என்பதை அணை. ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் "ஆட் நியூ ஆப்ஸ்" என்பதையும் அணைத்துவிடு. இல்லாவிட்டால் புதிதாக எது இறக்கினாலும் முகப்பில் வந்து குந்தும்.

பெரியண்ணன் பதுளை | 7.58
கறுப்பு வெள்ளை ஆக்கினால் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ஆசிரியர் சொல்கிறார்.

அம்மா டெப் | 7.59
பெரியப்பா, எனக்குப் புவியியல் வரைபடம் பார்க்க வேண்டும். வர்ணம் இல்லாமல் ஆறு எது, ரோடு எது?

நான் | 8.01
அவள் சொல்வது சரி. படுக்கிற நேரத்துக்கு மட்டும் போதும். செட்டிங்ஸில் மோட்ஸ் அண்ட் ருட்டீன்ஸில் ஸ்லீப் மோட் இருக்கிறது, அதில் கிரேஸ்கேலைப் போட்டு நேரம் குறித்துவிட்டால் தானாகவே கறுப்பு வெள்ளையாகிவிடும்.
பிரியாணிக்காரருக்குத்தான் சரியான மருந்து வேண்டும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு, பழையதையும் அழித்துவிடு. 2023 ஆகஸ்டில் இருந்து அப்படிச் செய்தால் முதல் பக்கத்தில் ஒரு வீடியோவும் வராது, வெறும் தேடல் பெட்டிதான். வேண்டிய பாடத்தை நீயே தட்டித் தேட வேண்டும்.

அம்மா டெப் | 8.03
🙄 சரி.

அண்ணி | 8.04
அந்த "சரி"யை நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

நான் | 8.06
இன்னொன்று. டிங் டிங் என்று வருகிற நோட்டிஃபிகேஷன். மேலிருந்து இழுத்து, வேண்டாததை அழுத்திப் பிடித்தால் அங்கேயே நிறுத்தலாம். ஐகானை எல்லாம் எடுத்துவிட்டு இதை மட்டும் விட்டால் எடுத்ததற்கே பிரயோசனமில்லை. உள்ளே இழுத்துப் போவதே இதுதான்.

அம்மா டெப் | 8.25
முடிந்தது. முதல் பக்கத்தில் அத்தை மட்டும். இரண்டாம் பக்கத்தில் ஐந்து. ஆனால் அப்பாயி விரலை எடுக்காமல் அழுத்துகிறார், அத்தையின் படம் மூலைக்குப் போய்விட்டது.

நான் | 8.26
"லாக் ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்" போடு. அப்புறம் யார் அழுத்தினாலும் அசையாது.

அம்மா டெப் | 8.34
🎤 குரல் பதிவு 0:21
("தம்பி, இது அம்மா. படத்தைத் தொட்டேன், அவள் பெயர் வந்தது, ஆனால் பேச மாட்டேன் என்கிறாள். கோபமா?")

அக்கா துபாய் | 8.35
ஐயோ அம்மா, கோபமெல்லாம் இல்லை. மேலே சின்னக் கமரா படம் இருக்கும், அதையும் தொடுங்கள்.

அக்கா துபாய் | 8.38
வந்துவிட்டார்! தகரக் கூரைதான் தெரிகிறது. யாராவது டெப்பைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள்.