ஹியூகி காலஹரின் பணம் எங்கே போனது?

லயத்து வீட்டுப் பையன், சுங்கை சிப்புட்:

அப்பாவுக்கு 78 வயது. ரப்பர்த் தோட்டத்து காற்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடியவர். காலையில் பால்வெட்டு, சாயங்காலம் திடல். வலது முட்டி இப்போது மடங்காது, சாப்பிடும்போது காலை நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

நேற்று அவருக்கு ஹியூகி காலஹரைப் பற்றிப் படித்துக் காட்டினேன். ஸ்காட்லாந்துக்காரர், அந்தக் காலத்து காற்பந்து ஆட்டக்காரர். 1930-இல் செல்சீ கிளப் அவரை நியூகாசல் கிளப்பிடமிருந்து 10,000 பவுண்டுக்கு வாங்கியது. 1934-இல் அவர் திவாலாகிவிட்டார். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "குடிச்சுத் தொலைச்சிருப்பான்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் ஆட்டத்தை விட்டபின் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். எல்லாருமா குடித்தார்கள்? அக்கா மகனுக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒப்பந்தத் தாள் வந்திருக்கிறது, 17 வயசுதான். அதனால்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார், ஈப்போ:

தம்பி, அந்த 10,000 பவுண்டு காலஹர் கைக்குப் போகவில்லை. ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுத்த விலை அது. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு இங்கிலாந்தில் உச்சவரம்பு இருந்தது. 1922-இலிருந்து போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 8 பவுண்டு, கோடையில் 6. அதற்கு மேல் எந்தக் கிளப்பும் கொடுக்கக் கூடாது. வெற்றிக்கு 2 பவுண்டு, டிராவுக்கு 1 பவுண்டு என்ற ஊக்கத்தொகையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 400 பவுண்டைத் தொடாது. அந்த 8 பவுண்டும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை, சின்ன கிளப்புகளில் இன்னும் குறைவு.

அப்பா சொன்னதிலும் உண்மை உண்டு. காலஹர் குடித்தார். மணமுறிவு வழக்கும் அவரைக் கடனில் தள்ளியது. ஆனால் விழுந்தபோது தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் பெரிய விஷயம். ஒரே கிளப்பில் ஐந்து ஆண்டு ஆடினால் 650 பவுண்டு வரை 'பெனிஃபிட்' என்று தரலாம். கவனியுங்கள், தரலாம், அவ்வளவுதான். கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. பருவம் முடிந்ததும் கிளப் ஒருவரைத் 'தக்கவைத்தோர்' பட்டியலில் போட்டுவிட்டால், புது ஒப்பந்தம் பிடிக்காவிட்டாலும் அவர் வேறு கிளப்புக்குப் போக முடியாது. இதை எதிர்த்து 1912-இலேயே கிங்கபி என்ற ஆட்டக்காரர் ஆஸ்டன் வில்லாமீது வழக்குப் போட்டுத் தோற்றார். சம்பள வரம்பு ஒழிய 1961 ஆனது.

முப்பது, முப்பத்திரண்டு வயதில் முட்டி போனால் பிழைப்பு என்ன? பலர் மதுக்கடை எடுத்து நடத்தினார்கள். 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத ஊரில் மதுக்கடையில் என்ன வியாபாரம் நடக்கும்? 1927-28 பருவத்தில் லீக்கில் 60 கோல் போட்டாரே டிக்ஸி டீன், அவரும் பின்னாளில் செஸ்டரில் மதுக்கடைதான் நடத்தினார். இங்கிலாந்து லீக்கில் அந்த 60 கோலை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

தாப்பா அக்கா:

வாத்தியார் ஒன்றை விட்டுவிட்டார், வீடு. அங்கே பல கிளப்புகள் சொந்தமாக வீடு வாங்கி ஆட்டக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டன. கிளப்பை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. எங்கப்பா 55 வயதில் ஓய்வு பெற்றபோது எங்களுக்கும் அதேதான் நடந்தது. முப்பது வருஷம் இருந்த தோட்டத்து வீடு. அம்மா நட்ட முருங்கை அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. அம்மிக்கல்லை லாரியில் ஏற்ற முடியாமல் பக்கத்து வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தோம். சம்பளம் நின்ற மாசத்திலேயே வீடும் போனால், சேமிப்பு எங்கே நிற்கும்? வாடகைக்கும் முன்பணத்துக்குமே கரைந்துவிடும்.

முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரன்:

உங்கள் அக்கா மகனுக்காகச் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். நானும் மாநில அளவில் ஆடியவன். மூன்று மாதம் சம்பளம் வராமல் தங்கச்சியிடம் கடன் வாங்கிப் பேருந்து ஏறியிருக்கிறேன். கிளப் பெயர் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஈபிஎப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (வேலையில் அடிபட்டால் உதவும் காப்புறுதி) இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்த 11 விழுக்காடும் முதலாளி பங்கும் மாதாமாதம் கணக்கில் ஏறுகிறதா என்று பையனே பார்க்கட்டும். அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியே இருக்கிறது. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. அப்புறம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடிக்காமல் போக விடாதீர்கள்.

லயத்து வீட்டுப் பையன், சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. அக்காவுடன் உட்கார்ந்து தாளை மறுபடி படித்தோம். சொக்சோ பற்றி ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறோம்.

உங்கள் பதில்களை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். எட்டு பவுண்டுக் கணக்குக்கு "ம்" என்றார். தாப்பா அக்கா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். காலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பசங்களுக்கு வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் குடுத்தாங்களாம்?" என்று கேட்டார்.