பழைய கட்டடம், புது வேலை: 'அடாப்டிவ் ரீயூஸ்' தமிழில் எப்படி?

அன்பர்களே,
கட்டடக்கலைப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய கட்டடத்தைக் காத்து வேறு வேலைக்கு மாற்றுவதைச் சொல்லும் 'அடாப்டிவ் ரீயூஸ்' மட்டும் இடிக்கிறது. 1900இல் திறந்த பாரிஸின் ஓர்சே தொடர்வண்டி நிலையம் 1986இல் அருங்காட்சியகமானது. லண்டன் பேட்டர்சீயில் 1983இல் மின்னுற்பத்தி நின்றது. 2022இல் அந்த மின்நிலையம் கடை, அலுவலகம், குடியிருப்பு எல்லாமாகத் திறந்தது. இதற்குத் 'தகவமைப்பு மறுபயன்பாடு' சரிதானா?

---

> தகவமைப்பு மறுபயன்பாடு

தகவமைப்பு உயிரியலுக்குப் போன சொல். மீன் தானே தகவமைந்துகொள்ளும். மின்நிலையம் தானாகவா கடையானது? நம் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' உண்டு. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலம். 'புதுக்கு' பிறவினை, செய்பவர் சொல்லுக்குள்ளேயே நிற்கிறார். 'புதுக்குப்பயன்' எனலாம். மடப்புறம், திருவிளக்குப்புறம் என வரும் அந்தப் 'புறம்' தனிக்கதை.

---

ஐயா, அருமை. ஆனால் கோயிலைப் புதுக்கினால் கோயிலாகவே இருக்கும். இங்கே சுவர் நிற்க, வேலை மாறுகிறது. ஓர்சேயின் பெரிய கடிகாரம் இன்னும் இருக்கிறது. தண்டவாளம் கிடந்த கூடத்தில் சிலைகள். 'பயன்மாற்றம்' என்றால் மாணவருக்கு உடனே புரியும்.

---

> பயன்மாற்றம்

வயல் மனையானாலும் கோப்பில் 'நிலப் பயன்பாடு மாற்றம்' என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே வயல் மிஞ்சுவதில்லை. இங்கே பழையதைக் காப்பதுதான் பாதி வேலை. சொல்லில் அது தெரியவேண்டாமா? என் ஓட்டு 'மீள்பயன்பாடு'.

---

'மீள்' தன்வினை ஆயிற்றே! 'மீட்டுப்பயன்' என்றால் அடகுக்கடை நினைவு வரும். தூய்மை பார்த்தது போதும், பேசாமல் 'மறுபயன்பாடு' என்று விடுங்கள்.
அப்புறம், ஒரே கட்டடத்தில் பல வேலை நடப்பதற்குக் 'கலப்புப் பயன்பாடு' வேண்டாம். கலப்படம் காதில் விழுகிறது. 'பல்பயன்' போதும். பல்பயனா பற்பயனா என்று யாரும் தொடங்காதீர்கள். அல்வழியில் (வேற்றுமைப் பொருள் இல்லாத புணர்ச்சியில்) உறழும், அதாவது 'ல்' மாறியும் மாறாமலும் வரும், இரண்டும் சரி.

---

'மறுபயன்பாடு' தண்ணீர் பாட்டிலுக்கும் சொல்கிறோமே? முன்னால் 'மரபுக் கட்டட' சேர்த்தால் ஒப்புக்கொள்கிறேன், அரைமனதாக.

---

நன்றி. தகவமைப்பை எடுத்துவிட்டேன். 'மரபுக் கட்டட மறுபயன்பாடு' என்றே அனுப்புகிறேன். படத்தலைப்பில் அடங்காத இடங்களில் வெறும் 'மறுபயன்பாடு'. பேட்டர்சீக்கு மட்டும் 'பல்பயன்' சேர்கிறது.

---

நான் உடன்படவில்லை. புதுக்குப்பயனை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். 'புறம்' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.