புதுப்பிப்பு: வான் வண்டி யன்னலுக்குப் பொலிகாபனேற்றுப் பிளாஸ்டிக் போட்டாயிற்று

பழைய வான் வண்டியின் திறக்காத பின்பக்க யன்னல் உடைந்துவிட்டது, கிளிநொச்சியில் அளவான கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் என் பிடிவாதத்துக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் வாங்கினேன். இரண்டாவது துளையிலேயே மூலை டக்கென்று வெடித்தது. அப்புறம்தான், "பொலிகாபனேற்று எடுங்கோ, துளையைப் பெரிசாப் போடுங்கோ" என்ற அண்ணையின் பேச்சைக் கேட்டேன். அதுதான் சரிவந்தது. மற்றப் பக்க யன்னலில் மட்டை வைத்து அளவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு 4 மில்லிமீற்றர் தகட்டை வெட்டினேன். 5 மில்லிமீற்றர் திருகாணிக்கு 8 மில்லிமீற்றர் துளை, அடியில் ரப்பர் வாசர். வெயிலில் இந்தத் தகடு கண்ணாடியை விட ஏழெட்டு மடங்கு விரியும், இறுக்கினால் நெளியும். நிறையோ அதே தடிப்புக் கண்ணாடியில் பாதிதான்.

எதிர்பாராதது கீறல். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் நான் தேங்காய் உடைத்து வருவதற்குள், தம்பி செம்புழுதியைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டான். தகடு முழுக்கச் சிலந்தி வலை! இப்போது முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட்டுத்தான் துணி. தின்னர், பெற்றோல் பக்கமே போகவேண்டாம். உள்ளே இரைச்சலும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

முன்கண்ணாடிக்கும் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வைப்பர் ஓடி ஓடியே மங்கிவிடும்.