உறைவிட மையத்தில் லீவ் வேகன்சிக்கு வரும் டீச்சரை எப்படித் தயார் செய்வது?

மலையடிவாரம் கேட்டது:
வணக்கம். தர்மபுரி பக்கம், பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிட சிறப்புப் பயிற்சி மையம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். படிப்பை விட்ட பிள்ளைகளைத் தங்கவைத்து மறுபடி பள்ளிக்குத் தயார் செய்யும் இடம் இது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய்ப் படிப்பை விட்டவர்கள், கல்யாணத்தைத் தடுத்துக் கூட்டிவரப்பட்ட ஒன்றிரண்டு பேர், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள், இவர்கள்தான் எங்கள் பிள்ளைகள். கணக்கு டீச்சர் மகப்பேறு விடுப்பில் போகிறார், 26 வாரம். அவர் இடத்துக்கு வருபவர் பி.எட். முடித்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் தேறியவர், டியூஷன் எடுத்த பழக்கம் உண்டு, பாடத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் போன தடவை வந்தவரும் அப்படித்தான் இருந்தார். ஒரு வாரம்கூடத் தாங்காமல் "இதுங்க திருந்தாதுங்க மேடம்" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிவிட்டார். வட்டார வள மையப் பயிற்சி வரும்போது வரும், நடுவில் வந்து சேர்பவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. என்ன சொல்லிக்கொடுத்து வகுப்புக்குள் அனுப்புகிறீர்கள்?

சூளைப்பள்ளி எழுதியது:
மேடம், முதலில் அந்த டீச்சரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளில் சிறப்புப் பயிற்சி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 வருடம். அப்படியானால் சில பிள்ளைகளுக்கு இந்த 26 வாரம்தான் மையத்தில் இருக்கும் மொத்தக் காலமே. அந்தப் பிள்ளைக்கு இவர் யாருக்கோ பதிலாக வந்தவர் இல்லை, டீச்சரே இவர்தான். இது புரியாமல் "நான் ஆள் வரும்வரை பார்த்துக்கொள்கிறேன்" என்ற நினைப்போடு வருபவர்தான் சீக்கிரம் கிளம்புகிறார்.

பழைய டீச்சர் விடுப்பில் போவதற்குள் இருவரும் ஒரே வகுப்பில் சில நாளாவது சேர்ந்து இருக்கட்டும். புதியவர் பாடம் எடுக்க வேண்டாம். பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும், மதியம் பிள்ளைகளோடு சாப்பிடட்டும். அப்புறம் ஒரு நோட்டுப் போடுங்கள், பிள்ளைக்கு ஒரு பக்கம். எதுவரை வாசிக்கிறாள், எந்தக் கணக்கு வரும், பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது, இது போதும். நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

எங்களிடம் ஒரு பிள்ளை இருந்தாள், வயது 13. திருவள்ளூர் பக்கம் சூளையில் பெற்றோரோடு கல் அறுத்தவள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்றால் மழையில் கரைந்த கல்லைக் கழித்து, வாங்கிய முன்பணத்தையும் கழித்து மீதியை வாயாலேயே சொல்லிவிடுவாள். அதை எழுதத் தெரியாது, அவ்வளவுதான். லீவ் வேகன்சியில் வந்தவர் ஒன்றாம் வகுப்பு அட்டையைக் கொடுத்து மாங்காய்களை எண்ணச் சொன்னார். அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை. "திருந்தாது" என்று பெயர் வாங்குவது இப்படித்தான். அவள் வாயால் சொன்ன கூலிக் கணக்கையே பலகையில் எழுதிக் காட்டினோம். கழித்தலும் வகுத்தலும் அதிலிருந்தே ஆரம்பித்தது. இந்த மாதிரி ஒரு பிள்ளையையாவது புதியவர் பக்கத்திலிருந்து பார்த்துவிட வேண்டும். கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

கரும்பலகை எழுதியது:
எல்லாம் சரி, சம்பளம் என்ன கொடுக்கிறீர்கள்? 2022-இல் அரசுப் பள்ளிகளுக்கே பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர் எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்தது 7,500 ரூபாய். அந்தக் காசுக்குப் பகலில் பாடம், ராத்திரியில் வார்டன் வேலை, இடையில் மளிகைக் கணக்கும் பார்க்கச் சொன்னால் எவ்வளவு தயார் செய்தாலும் ஆள் நிற்காது. ராத்திரி டியூட்டி உண்டா இல்லையா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இடையில் வந்தவள் எழுதியது:
நானே இப்படி ஒரு மையத்தில் லீவ் வேகன்சியில் இருந்தவள். போன அன்றைக்கே பிள்ளைகள் கேட்ட கேள்வி, "மிஸ், நீங்க எப்ப போவீங்க?" மழுப்பினால் முடிந்தது கதை. எந்த மாதம் வரை இருப்பேன், பழைய மிஸ் எப்போது திரும்புவார் என்று நேராகச் சொன்னேன். போகிற டீச்சரும் சொல்லாமல் போய்விடக் கூடாது. ஏற்கெனவே பலர் சொல்லாமல் விட்டுப்போன பிள்ளைகள் அவர்கள். புதிதாக வருபவரை ஒரு வாரம் சீண்டிப் பார்ப்பார்கள்: சாக்பீஸ் காணாமல் போகும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. அடிக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அது எல்லாருக்கும் தெரியும். "உன் அப்பன் என்ன பண்றான்" என்று வகுப்பில் கேட்பதும் அடிதான், இதை யாராவது வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை ஒருத்தி தனியாக வந்து "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அந்த டீச்சர் மேலேயே வழக்கு வரும். உங்களிடம் சொல்ல வேண்டுமா, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் அழைப்பது, இதையெல்லாம் வகுப்புக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, சமையல் அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மலையடிவாரம் எழுதியது:
நன்றி. ராத்திரி டியூட்டி கிடையாது, அதை எழுத்திலேயே கொடுத்துவிடுகிறேன். பழைய டீச்சர் வெள்ளி வரை வருகிறார், சேர்த்து உட்கார வைக்கிறேன். நோட்டு விஷயத்தில்தான் பயம். கல்யாண விவகாரமெல்லாம் அதில் ஏறினால் மற்ற பிள்ளைகள் கையில் கிடைத்துவிடாதா?

சூளைப்பள்ளி எழுதியது:
அது நோட்டில் வரவே கூடாது மேடம். குடும்பக் கதை உங்கள் பீரோவில் இருக்கும் ஃபைலோடு நிற்கட்டும். டீச்சருக்கு வேண்டியது "இவளைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடவும்" என்ற ஒரு வரி மட்டும். அதையும் எல்லாப் பிள்ளை பக்கத்திலும் எழுதிவிடுங்கள், அப்போது யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள்.