மறுமொழி: 'இரைப்பை வெறுமையாக்கம்' வேண்டாம், 'இரைவடிதல்' பார்க்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'கேஸ்ட்ரிக் எம்ப்டியிங்', அதாவது இரைப்பையில் உள்ளது சிறுகுடலுக்கு இறங்குவது, இதற்குத் தமிழில் என்ன சொல் என்று நீங்கள் எழுதிய மூன்று நாள் மடல்களையும் படித்துவிட்டே எழுதுகிறேன். சேலத்தில் ஒரு நீரிழிவு மருத்துவமனைக்காக நான்கு பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வயிறு நிறைந்திருக்கும்போது மது ஏன் மெல்ல ஏறுகிறது என்பது அதில் ஒரு பத்தி. 'கேஸ்ட்ரிக் எம்ப்டியிங்' என்பதற்கு 'இரைப்பை வெறுமையாக்கம்' என்று எழுதி, காத்திருந்தவர்களில் ஒருவரான அம்மாப்பேட்டைத் தறிக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வெறுமையாக்குவது யார் ஐயா? குழாய் விட்டு எடுப்பார்களா?" என்று கேட்டார். பூச்சிமருந்து குடித்தவருக்கு வயிறு கழுவுவதை எங்கோ பார்த்திருக்கிறார் போலும். அந்தச் சொல்லை அங்கேயே அடித்துவிட்டேன்.

> குறளிலேயே 'அற்றது' இருக்கிறதே. 'இரை அறுதல்' போதாதா?

ஓசூர் ஐயா, 942ஆம் குறளில் வரும் 'அற்றது' செரித்து முடிந்ததைச் சொல்கிறது. மதுவுக்குச் செரிமானமே தேவையில்லை. அப்படியே இரத்தத்தில் கலக்கும். கொஞ்சம் இரைப்பையிலேயே கலந்துவிடும், பெரும்பகுதி சிறுகுடலில். ஆகவே அது சிறுகுடலுக்கு எப்போது போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. வெறும் வயிற்றில் விறுவிறுவென்று போய்விடும். சோறும் கறியும் உள்ளே இருந்தால், இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். அப்படித் தங்கும் நேரத்தில் இரைப்பைச் சுவரில் உள்ள நொதி மதுவில் ஒரு பங்கைச் சிதைத்தும் விடுகிறது. அதனால் இரத்தத்தில் மதுவின் உச்ச அளவும் தாழ்கிறது. இவ்வளவையும் 'அறுதல்' தாங்காது.

> 'ஏனம் ஒழியவில்லை' என்கிறோமே. 'இரைப்பை ஒழிவு' என்றால் என்ன?

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். பாத்திரம் காலியாகவில்லை என்பதற்கான அடுக்களைச் சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் மதுவைப் பற்றிய பத்தியில் 'ஒழிவு' என்று வந்தால் வாசகர் மது ஒழிப்பு என்றுதான் படிப்பார். அதிலும் இது சேலம். 1937இல் மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்த மாவட்டம். அதைக் கொண்டுவந்த ராஜாஜிதான் 1916இல் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்க ஒரு சங்கம் தொடங்கியவரும். அவரே இந்த இழையில் இருந்திருந்தால் 'ஒழிவு' பக்கம்தான் கை தூக்கியிருப்பார் என்று எனக்கொரு சந்தேகம்.

என் முன்மொழிவு 'இரைவடிதல்'. பைலோரஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே வாயில்காப்போன் என்றுதான் பொருள். நமக்கு வாயில்காப்போனைவிட மதகு நெருக்கம். மதகைச் சிறிதாகத் திறந்தால் ஏரி மெல்ல வடியும். அகலத் திறந்தால் சீக்கிரம் வடியும். பைலோரஸை 'இரைமதகு' என்றே சொல்லிவிடலாம். 'வடியும் வேகம்', 'வடிதல் மந்தம்' என்று சொற்களும் தாமாகவே கிளைக்கின்றன. இரைப்பைக் குறைப்பு அறுவைக்குப் பின் சிலருக்கு மது வேகமாக ஏறுவதையும் 'வடிதல் விரைவு' என்று எழுத முடிகிறது.

வடிதலில் எனக்குப் பிடித்தது, நின்ற நீர் எப்படியும் வந்தே தீரும் என்ற குறிப்பு அதில் இருப்பது. என் சித்தப்பா மகன் ஒருமுறை ஏற்காட்டில் பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தான். "எனக்கு ஏறவே இல்லை, பார்" என்று ஒற்றைக்காலில் நின்று காட்டிவிட்டு வண்டியை எடுத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை; வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேலே ஏறாதது இறங்கும்போது ஏறியிருக்கிறது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். பிரியாணி சாப்பிட்டவருக்கென்று தனிக் கணக்கு இல்லை. வயிறு நிறைந்திருந்தால் மது மெல்ல ஏறுவதற்கு 'மதுத்தடுப்பு', 'போதைத்தடை' என்று சிலர் எழுதியவற்றை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். நோயாளி அதைப் படித்துவிட்டு, "சாப்பிட்டால் ஏறாதாம்" என்று வீட்டில் போய்ச் சொல்வார்.

> 'சேட்டைட்டி'க்குத் 'தெவிட்டல்' பொருந்தும்.

கோவை அம்மா மன்னிக்க வேண்டும். அரை வயிற்றிலேயே ஜிலேபி தெவிட்டிவிடும். அது நாக்கின் விஷயம். சாப்பிட்டது போதும் என்று தோன்றுவதுதான் 'சேட்டைட்டி'; அதற்கு 'நிறைவுணர்வு' போதும். ஆனால் அதை 'நிறைவயிறு' என்பதோடு கலக்கக் கூடாது. நீரிழிவுக்கும் எடை குறைப்புக்கும் ஊசியாகப் போடும் செமாகுளுடைடு போன்ற மருந்துகள் பசியை அடக்கி நிறைவுணர்வு தருகின்றன, இரைவடிதலையும் மந்தமாக்குகின்றன. குறைவாகச் சாப்பிட்டவருக்கும் வயிறு நிறைந்தது போலிருக்கும். இவற்றை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் வைத்து 2025இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 20 பேரிடம் ஒரு சிறு ஆய்வு செய்தது. மருந்து எடுப்பவர்களுக்கு மூச்சில் மது மெதுவாக ஏறியது. போதையும் குறைவாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். எங்கள் மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் இந்த ஊசி போடுகிறவர்கள் என்பதால் இந்த வரியைக் கையேட்டில் விட முடியாது.

இரை என்றால் விலங்கின் தீனி என்று ஆட்சேபிப்பவர்கள், இரைப்பை என்று சொல்வதை முதலில் நிறுத்திவிட்டு வரட்டும். 'வடிதல்' சோறு வடிப்பதை நினைவூட்டும் என்ற மறுப்பு மட்டும் எனக்கும் உறுத்துகிறது. வேறு சொல் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.