100 சிசி வண்டியில் கொல்லிமலை: போகலாமா, ஏலகிரியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

மணலி_நூறுசிசி
அண்ணன்மார்களே, ஒரு தீர்ப்பு சொல்லுங்கள். என்னுடையது 100 சிசி வண்டி, இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். பொங்கல் லீவில் நானும் தம்பியும் கொல்லிமலை போகலாம் என்று இருக்கிறோம். மலையடிவாரத்துக் காரவள்ளி வழியாக, 70 கொண்டை ஊசி வளைவு. இதுவரை மலையில் ஓட்டியதில்லை. "முதலில் ஏலகிரி போ, அங்கே 14 வளைவுதான்" என்கிறார்கள் வீட்டில்.

தண்டையார்பேட்டை_புல்லட்
தாராளமாகப் போ தம்பி. எண்ணூர் நெடுஞ்சாலையில் தினமும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து வருகிறவனுக்கு மலை என்ன பெரிய விஷயம்? அங்கே வளைவில் எதிரே வருகிறவனாவது ஹாரன் அடிப்பான். கொல்லிமலைக்காரர்கள் இதே 100 சிசியில் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். 1956-லேயே திருவொற்றியூரில் புல்லட் ஆலை வந்த ஏரியா நம்முடையது. நாமே பயந்தால் எப்படி?

மூலக்கடை_மெக்கானிக்
புல்லட் அண்ணே, ஏறுவதைப் பற்றி எனக்கும் பயம் இல்லை. 100 சிசி முக்கி முனகி ஏறிவிடும். இறங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. டிரெய்லருக்கு நடுவே பிரேக் அடித்தால் அடுத்த சிக்னலுக்குள் டிரம் ஆறிவிடும். மலையில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் ஆற நேரமே கிடைக்காது. முதலில் கருகல் வாடை வரும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். அப்படி இறங்கி வந்த வண்டியைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் ஷூ (டிரம்மின் உள்ளே உரசிச் சக்கரத்தைப் பிடிக்கிற கட்டை) கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். அதற்குப் பிறகு அது பிடிக்காது.

தம்பி, ஏறிய கியரிலேயே இறங்கு. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்திவிட்டு விடு, தொட்டுக்கொண்டே வராதே. கியர் இல்லாத ஸ்கூட்டரில் போவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அதில் என்ஜின் பிடி குறைவு, ரொம்ப மெதுவாகப் போனால் கிளட்ச் விட்டு அதுவும் இருக்காது.

தண்டையார்பேட்டை_புல்லட்
மெக்கானிக் என்றால் பயமுறுத்தத்தான் செய்வீர்கள், கடை ஓட வேண்டுமே! நான் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுத்தான் வருவேன். பெட்ரோல் மிச்சம்.

மூலக்கடை_மெக்கானிக்
மிச்சமும் இல்லை அண்ணே. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டி பெரும்பாலும் பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோலை அதுவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் வரும். உங்கள் பழைய கார்புரேட்டர் புல்லட்டுக்கு வேண்டுமானால் நாலணா மிஞ்சலாம். அதற்காக மொத்த எடையையும் பிரேக் தலையில் கட்டுவீர்களா?

ராயபுரம்_ரைடர்
நீங்கள் இரண்டு பேரும் பிரேக்கையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஏறுவதும் சும்மா இல்லை. இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நாம் உள்பக்கம் இருப்போம், சாலை அங்கேதான் செங்குத்து. மூன்றாம் கியரில் நுழைந்துவிட்டு, பாதியில் குறைக்கலாம் என்று கிளட்சைப் பிடித்தால் வண்டி அப்படியே நின்று இடது பக்கம் சாயும். ஊன்றலாம் என்று காலை நீட்டினால் தரை கீழே இருக்கும். பின்னால் ஆள் வேறு. முதல் கியரோ இரண்டோ, வளைவுக்கு முன்னாடியே போட்டுவிடு தம்பி. மேலேயிருந்து பஸ் வந்தால் வளைவுக்குள் போய் மல்லுக்கட்டாதே, வெளியே நின்று அதை விடு. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிறவனுக்கு வழி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பஸ்ஸோடு விதி பேச முடியாது.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. மணலியிலிருந்து காரவள்ளிக்கு 350 கிலோமீட்டருக்குக் குறையாது. விடியற்காலையில் கிளம்பி, இடுப்பு கழன்ற நிலையில் மதியம் முதல் வளைவைத் தொடுவதுதான் ஆபத்து. 70 வளைவு என்ற எண்ணிக்கை ஆபத்து இல்லை. ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறினால் கொல்லிமலையே போகலாம் என்பது என் கட்சி.

தண்டையார்பேட்டை_புல்லட்
அப்படிச் சொல்லுங்க அக்கா! நான் சொன்னதும் இதுதானே.

ராயபுரம்_ரைடர்
நீங்கள் சொன்னது நியூட்ரல். என்னோடு சேராதீர்கள்.

மூலக்கடை_மெக்கானிக்
அக்கா, தங்கினால் களைப்பு தீரும், பழக்கம் வருமா? 14 வளைவில் கியர் தப்பினால் சுதாரித்துக்கொள்ளலாம். ஏலகிரி 230 கிலோமீட்டர் சுமாருக்குத்தான், வாணியம்பாடி வரை பெங்களூர் நெடுஞ்சாலை. கொல்லிமலைக்காரன் மூட்டையோடு இறங்குகிறான் என்றால் அவனுக்கு அது தினப்படி ரோடு, ஒவ்வொரு குழியும் தெரியும். இவனுக்கு மாதவரம் ரவுண்டானாதான் தெரியும்.

மணலி_நூறுசிசி
ரவுண்டானாவைக் குறை சொல்லாதீர்கள் அண்ணே, அங்கே ஒரு மழைக்கு ஓட்டிப் பாருங்கள். சரி, ஏலகிரிக்குத் தனியாகப் போய் வருகிறேன், தம்பி பொங்கலுக்குத் தயாராகட்டும். கொல்லிமலை பொங்கலுக்கே உண்டு, நாமக்கல்லில் தங்கித்தான். வண்டி எடுத்து நாலு வருடம் ஆகிறது, பிரேக் ஷூ மாற்றியதே இல்லை.

மூலக்கடை_மெக்கானிக்
நாலு வருடமா! ஏலகிரிக்கும் இப்படியே கிளம்பிவிடாதே. சனிக்கிழமை வண்டியோடு கடைக்கு வா, பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். புல்லட் அண்ணே, நீங்களும் வாருங்கள்.

தண்டையார்பேட்டை_புல்லட்
நான் எதற்கு? என் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. கொஞ்சம் முன்னாடியே மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.