புதுப்பிப்பு: அல்ட்ராசானிக் கத்தி ஏன் நின்றது?

போன வாரம் இங்கே எழுதியிருந்தேன்: பினாங்கில் நான் கருவிகளைப் பராமரிக்கும் மருத்துவமனையில், அல்ட்ராசானிக் கத்தியின் (அதிவேக அதிர்வால் திசுவை வெட்டும் அறுவைசிகிச்சைக் கருவி) ஜெனரேட்டர், அதாவது அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, சோதனையிலேயே எச்சரிக்கை ஒலித்து நின்றுவிடுகிறது, ஜெனரேட்டரை மாற்றியும் பயனில்லை என்று. காரணம் கிடைத்துவிட்டது.

கத்தி முனையை மாட்டும் கைப்பிடியின் சூடுதான். ஆபரேஷன் தியேட்டர் அக்கா ஒருவர் சொல்லித்தான் பிடிபட்டது: "தம்பி, ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த கையோட மாட்டுறோம்ல, அப்பதான் பீப் அடிக்குது." ஆட்டோகிளேவ் என்பது நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் எந்திரம். அதிலிருந்து வந்த கைப்பிடிப் பொட்டலத்தின் மேல் கை வைத்துப் பார்த்தேன். துணியைத் தாண்டிச் சுட்டது.

உள்ளே இருக்கும் பீசோ படிகங்கள் மின்சாரத்தை அதிர்வாக மாற்றுகின்றன. எங்களிடம் உள்ள மாடலில் டைட்டானியம் முனை நொடிக்கு ஏறக்குறைய 55,500 தடவை அதிர்கிறது. அது இயல்பாகவே வலுவாக அதிரும் அந்த வேகம்தான் ஒத்ததிர்வு. அது நழுவாமலிருக்க, மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் (ஒன்றாக ஏறி இறங்கி) போகின்றனவா என்று ஜெனரேட்டர் ஓயாமல் பார்த்து, அதிர்வெண்ணைத் திருத்திக்கொண்டே இருக்கும். சூடேறினால் படிகத்தின் மின்தேக்குதிறனும் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன்) ஒத்ததிர்வும் நகரும். திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டினால் நின்றுவிடும். அது பழுதே இல்லை, நோயாளிக்கான பாதுகாப்பு. வீணாக ஜெனரேட்டரைச் சந்தேகித்துவிட்டேன்.

அப்புறம், தண்ணீரில் முக்கி ஆறவைக்கலாமா என்று தியேட்டரில் கேட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். இணைப்பில் ஈரம் போனால் வேறு தொல்லை, படிகமும் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும்.

இன்னொரு கைப்பிடி கேட்டு எழுதியிருக்கிறேன். வந்தால், ஒன்று ஆறும்போது மற்றது வேலைக்குப் போகும்.